வாட்டர் பெல் அடித்த பிறகு

எங்கள் பள்ளியில் தண்ணீர் குடிக்க மணி அடிப்பார்கள். வாட்டர் பெல் என்று பெயர். மணி அடித்ததும் எல்லா வகுப்பிலும் குழந்தைகள் ஒரே நேரத்தில் பாட்டிலைத் திறந்து, அண்ணாந்து ஒரு வாய் குடித்து, மூடிவிட்டு உட்கார வேண்டும். இதை ஆரம்பித்த அன்றைக்கே படம் பிடித்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். கைகூப்புகளும் இதயங்களும் வந்து குவிந்தன. நானும் ஒரு கட்டைவிரலைப் போட்டுவைத்தேன்.

பள்ளி ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஊரப்பாக்கத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவே ஒரு லேஅவுட்டில் இருக்கிறது. நான் அங்கே நான்காம் வகுப்பு ஏ பிரிவுக்கு கிளாஸ் டீச்சர். பல வருஷமாக வேலை பார்க்கிறேன். ஸ்டாஃப் ரூமில் என்னைப் பற்றி, "அவங்களுக்கு வாய் கொஞ்சம் நீளம்" என்று சொல்வார்கள். நீளம்தான். குறைத்துக்கொள்ளும் உத்தேசம் இல்லை.

அந்த ஜூன் மாதம் நிர்வாகம் புதிதாக ஒரு பாடத்திட்டத்தை ஒரு கம்பெனியிடமிருந்து வாங்கியது. பிராப்ளம் பேஸ்டு லேர்னிங், கிரிட்டிக்கல் திங்கிங் என்று அட்டையில் பெரிதாகப் போட்டிருந்தது. பயிற்சி கொடுக்க ஒரு இளைஞர் டை கட்டிக்கொண்டு வந்தார். இனிமேல் டீச்சர் பதில் சொல்லிக்கொடுக்கவே கூடாது, பிள்ளைகள் முன்னால் ஒரு நிஜமான பிரச்சினையை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும், அவர்களே கேட்டு, பார்த்து, சண்டை போட்டு ஒரு முடிவுக்கு வருவார்கள் என்றார். எனக்கு அது பிடித்துப்போயிற்று. மனப்பாடம் செய்ததை ஒப்பிப்பதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போயிருந்தது. பிறகு எங்களைக் குழுக்களாகப் பிரித்துச் செய்தித்தாளில் கோபுரம் கட்டச் சொன்னார். கட்டினோம். சமோசாவும் டீயும் கொடுத்து அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்து டீச்சர்களுக்கான கையேட்டைப் புரட்டினேன். ஒவ்வொரு பிரச்சினைக்கும் கீழே ஒரு கட்டம் போட்டு ஆங்கிலத்தில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: மாணவர்கள் சுயமாகச் சிந்தித்துப் பின்வரும் விடைகளை வந்தடைவார்கள். அதற்குக் கீழே விடைகள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். என் வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு என்ன ஆச்சு என்று கேட்டார்.

நான்காம் வகுப்புக்கு வந்த பிரச்சினை, பள்ளிக் குழந்தைகள் ஏன் போதிய தண்ணீர் குடிப்பதில்லை என்பது. விடைகளும் தயாராக இருந்தன. மறந்துவிடுகிறார்கள், தண்ணீரின் அருமை தெரியவில்லை, பாட்டில் கவர்ச்சியாக இல்லை. தீர்வு, வாட்டர் பெல். அதைத்தான் ஏற்கெனவே அடித்துக்கொண்டிருந்தோம்.

கையேடு வந்த அதே வாரத்தில் என் வகுப்புச் சிறுமி ஒருத்தி காய்ச்சலில் படுத்தாள். மேல்வரிசை முன்பற்கள் விழுந்து முளைக்க ஆரம்பித்திருந்த பெண். பேசும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள். அவளுடைய அம்மா எனக்கு போன் செய்தார். மேடவாக்கம் பக்கம் ஓர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், பஸ்ஸில் போய்க்கொண்டே பேசினார்.

"மறுபடியும் யூரின் இன்ஃபெக்ஷன் மிஸ். எரியுது எரியுதுன்னு அழறா. நிறைய தண்ணி குடிக்கணும்னு டாக்டர் சொல்றாங்க. வீட்ல என் கண்ணு முன்னாடி குடிக்கறா. ஸ்கூல்ல இருந்து பாட்டிலும் காலியாத்தான் வருது. அப்புறம் ஏன் மிஸ் திரும்பத் திரும்ப வருது? இப்படியே விட்டா கிட்னிக்குப் போயிடும்னு பயமுறுத்தறாங்க. கொஞ்சம் பாத்துக்கோங்க மிஸ், ப்ளீஸ்."

பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். எதைப் பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பாட்டில் காலியாகிறது, பெண்ணுக்கு நோய் வருகிறது. கையேட்டில் இதற்குக் கட்டம் இல்லை.

அந்தப் பெண் திரும்பி வந்த பிறகு பிரச்சினையை வகுப்பில் வைத்தேன். எடுத்த எடுப்பில் எல்லாரும் கை தூக்கினார்கள். "தண்ணீர் உடலுக்கு நல்லது மிஸ்." "மறந்துடறாங்க மிஸ்." "பாட்டில்ல கார்ட்டூன் போட்டா குடிப்பாங்க மிஸ்." கையேட்டைப் பார்க்காமலே கையேட்டின் விடைகளை அப்படியே சொன்னார்கள். பெரியவர்களுக்கு எது பிடிக்கும் என்பதைக் கண்டுபிடிப்பதில் ஒன்பது வயதுக்குள் நாம் அவர்களை அவ்வளவு தேர்ந்தவர்களாக்கிவிடுகிறோம்.

"எனக்குப் பிடிச்ச பதில் வேண்டாம். போய் நிஜமாப் பாத்துட்டு வாங்க" என்றேன்.

எப்படிப் பார்ப்பது என்று அவர்களே பேசி முடிவு செய்தார்கள். காலையில் பாட்டிலில் தண்ணீர் இருக்கும் மட்டத்தில் மார்க்கரால் ஒரு கோடு. சாயங்காலம் வேன் ஏறும் முன் இன்னொரு கோடு. சில நாள் இப்படிச் செய்தார்கள். சாயங்காலக் கோட்டைப் போடவே இடமில்லை. அநேகமாக எல்லாப் பாட்டிலும் அடியோடு காலி. வகுப்பில் நன்றாகப் படிப்பவன் ஒருவன் எழுந்து நின்று, "எல்லாரும் ஃபுல்லா குடிக்கறாங்க மிஸ். அதனால பிராப்ளமே இல்ல" என்று தீர்ப்பு வழங்கினான். வகுப்பே கைதட்டியது.

முன்பல் முளைக்கும் பெண் மட்டும் தட்டவில்லை. பக்கத்தில் இருப்பவள் அவளை முழங்கையால் இடித்தாள். அவள் திரும்ப இடித்தாள். இருவரும் சிரிப்பை அடக்கினார்கள்.

"என்னடி?" என்றேன்.

வாயைக் கையால் மூடிக்கொண்டு, "பாட்டில் காலியா இருந்தா குடிச்சுட்டாங்கன்னு அர்த்தமா மிஸ்?" என்று கேட்டாள்.

"வேற எங்க போச்சு?"

"செடிக்கு ஊத்திட்டேன் மிஸ்."

"நானும் மிஸ்" என்றது இன்னொரு குரல். பிறகு அங்கிருந்து, இங்கிருந்து என்று வகுப்பு முழுக்க நானும், நானும். வேன் நிற்கும் இடத்தில் பின்சுவர் ஓரமாகக் குரோட்டன்ஸ் செடிகள் உண்டு. முன்பக்கத் தோட்டத்துக்கு டேங்கர் தண்ணீர் வாங்கி ஊற்றியும் அது காய்ந்துகொண்டிருந்தது. பின்சுவர்ச் செடிகள் மட்டும் கொழுகொழுவென்று வளர்ந்திருந்தன. பள்ளியை நடத்தும் கரஸ்பாண்டன்ட் சார் அவற்றைக் காட்டித் தோட்டக்காரரைத் தட்டிக்கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். தோட்டக்காரரும் பெருமையாக வாங்கிக்கொண்டார்.

பாட்டில் நிறைந்து வந்தால் வீட்டில் அம்மா திட்டுவார்கள், அதனால் ஊற்றினார்கள். அது புரிந்தது. ஆனால் ஏன் குடிப்பதில்லை? அதையும் கேட்டேன். பெண் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மிஸ் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்களே என்று என்னிடம் உத்தரவாதம் வாங்கிக்கொண்டு, ஒவ்வொருவராகச் சொன்னார்கள்.

பெண்கள் டாய்லெட்டில் எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. கதவு தானாகத் திறந்துகொள்ளும். வெளியே ஒருத்தி நின்று பிடித்துக்கொண்டால்தான் உள்ளே போக முடியும். ஆனால் வகுப்பு நேரத்தில் ஒருவர்தான் வெளியே போகலாம். வகுப்புக்கு ஒரே ஒரு அவுட் பாஸ். கழுத்தில் மாட்டிக்கொண்டு போக வேண்டிய பிளாஸ்டிக் அட்டை அது. அது கழுத்தில் இல்லாமல் வராந்தாவில் நின்றால் டயரியில் ரிமார்க். இன்டர்வெல்லில் போகலாமென்றால் பெரிய வகுப்பு அக்காக்கள் வரிசையில் புகுந்துவிடுவார்கள், அதற்குள் மணி அடித்துவிடும். ஆகவே ஒருத்தி போகலாம், ஆனால் போக இரண்டு பேர் வேண்டும். எல்லாவற்றையும்விடச் சுலபமான வழி, தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவது. வாட்டர் பெல் அடித்தால் அண்ணாந்து குடிப்பதுபோல் ஒரு பாவனை. இந்தக் கணக்கை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை. ஒவ்வொருத்தியும் தனித்தனியாகப் போட்டு ஒரே விடைக்கு வந்திருந்தாள்.

ஒருத்தி முன்னால் வந்து நடித்தே காட்டினாள். குந்தி உட்கார்ந்து, ஒரு காலை எட்டி நீட்டிக் கதவைத் தள்ளிப் பிடித்து, எட்டாமல் பின்னால் சாய்ந்து விழுந்தாள். வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது. நானும் சிரித்தேன். பாதிச் சிரிப்பில் நிறுத்திவிட்டு அவளைத் தூக்கிவிட்டேன்.

"நான் கேட்டா விடுவேன் இல்ல?" என்றேன்.

"விடுவீங்க மிஸ். ஆனா 'இப்பத்தானே போயிட்டு வந்த'ன்னு சொல்வீங்க."

எனக்குச் சுரீரென்றது. நான் அப்படிச் சொல்வதுண்டு. பிரச்சினையை முன்னால் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்ன இளைஞர், அந்தப் பிரச்சினைக்குள் டீச்சரும் இருப்பாள் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். "சரி, அதையும் சேத்துக்கோங்க" என்றேன். சேர்த்துக்கொண்டார்கள்.

தீர்வு என்ன என்ற பேச்சு வந்தபோது முதலில் எல்லாரும் தாழ்ப்பாள் என்றார்கள். எடுத்துவிட்டார்களா, முதலிலிருந்தே இல்லையா என்று கேட்டுவர ஆயாம்மாவிடம் ஒரு குழுவை அனுப்பினேன். பின்னாலேயே நானும் போனேன். ஆயாம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு அவர்களைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டார்.

"தாப்பாளா? அந்தப் பேச்சே வேணாம் கண்ணு. யூகேஜி பாப்பா ஒண்ணு உள்ள போயி பூட்டிக்கினு தொறக்கத் தெரியாம கத்துது, கதவ ஒடச்சி இட்டாந்தாங்க. அன்னிக்கே அல்லாத்தயும் கழட்டிட்டாங்க. நீங்க மட்டும் இன்னா, தண்ணி ஊத்தாம அப்டியே ஓடியாந்துடறீங்க. அத யாரு கேக்கறது? ஒரே பேஜாரு!"

தண்ணீர் ஊற்றுவது பற்றியும் தனியாக ஒரு விவாதம் நடந்தது, அதை விட்டுவிடுகிறேன். தாழ்ப்பாள் வேண்டாம், குட்டிப் பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள் என்று அவர்களே முடிவு செய்தார்கள். உள்ளே இருப்பவர் சத்தமாகப் பாட்டுப் பாட வேண்டும் என்றான் ஒருவன். அதற்கு நல்ல ஆதரவு இருந்தது. பாட்டு மறந்துபோனால் என்ன செய்வது என்று இன்னொருத்தி கேட்டதும் அது விழுந்தது. கடைசியில் முன்பல்காரிதான் சொன்னாள்.

"ரெண்டு பாஸ் குடுத்தா போதும் மிஸ். ஒருத்தர் உள்ள, ஒருத்தர் வெளிய."

அவ்வளவுதான். சுவரை இடிக்க வேண்டாம், ஒரு ரூபாய் செலவில்லை, கையேட்டில் இல்லவே இல்லை. எனக்கு எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலிருந்தது. அன்றே அட்டைப் பெட்டியைக் கிழித்து இரண்டாவது பாஸ் செய்து நூல் கட்டி ஆணியில் மாட்டினோம். மார்க்கர் கோடுகளைத் தொடர்ந்து போட்டார்கள். இந்த முறை வேன் நிற்கும் இடத்தில் காவலும் வைத்தார்கள். கொஞ்ச நாளில் எங்கள் வரிசை நிற்கும் இடத்துக் குரோட்டன்ஸ் இலைகள் தொங்க ஆரம்பித்தன. செடி வாடியதற்கு ஒரு வகுப்பே துள்ளிக் குதித்ததை நான் அதுவரை பார்த்ததில்லை.

அந்த மகிழ்ச்சி ரொம்ப நாள் நீடிக்கவில்லை. வராந்தாவில் இரண்டு பெண்கள் சேர்ந்து நடந்துபோவதைப் பிரின்சிபால் மேடம் பார்த்துவிட்டார். அட்டைப் பாஸைக் கழற்றி எடுத்துக்கொண்டு, என்னை அறைக்குக் கூப்பிட்டார். அவர் கொடுமைக்காரர் இல்லை. பிள்ளைகளுக்கு அடிபட்டால் தானே மருந்து போடுபவர். ஆனால் பள்ளிக்கு வெளியே இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதுதான் அவருக்கு எப்போதும் முதல் கவலை.

பிள்ளைகள் கண்டுபிடித்த எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண்ணுக்குத் திரும்பத் திரும்ப நோய் வருவதையும் சொன்னேன்.

"ரெண்டு பேரை விட்டா விளையாடப் போயிடுவாங்க மிஸ்" என்றார்.

"விளையாடல மேடம். கதவைப் பிடிக்கறாங்க."

"ஒரு கிளாஸுக்குக் குடுத்தா எல்லா கிளாஸும் கேக்கும்."

"கேக்கட்டுமே மேடம்."

அவர் அந்தப் பேச்சை விட்டுவிட்டு ஓபன் டேயைப் பற்றிக் கேட்டார். பெற்றோர், கரஸ்பாண்டன்ட் சார், கம்பெனிக்காரர்கள் எல்லாரும் வருவார்கள். நான்காம் வகுப்பு தன் பிரச்சினையையும் விடையையும் மேடையில் சொல்ல வேண்டும். "பேரன்ட்ஸ் முன்னாடி பாத்ரூமைப் பத்தியா பேசறது? நல்லாவா இருக்கும்? மேனுவல்ல எவ்ளோ அழகா பாயின்ட் பாயின்ட்டா குடுத்திருக்காங்க. அதையே டயலாக் மாதிரி பிரிச்சுக் குடுத்து மனப்பாடம் பண்ண வைங்க."

"முடியாது மேடம்" என்றேன். "அது அவங்க கண்டுபிடிச்சது இல்ல. பொய்னு தெரிஞ்சுக்கிட்டே அவங்க வாயில அதைத் திணிக்க என்னால முடியாது."

"அப்போ பி செக்ஷன் பண்ணட்டும்."

"பண்ணட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பயம் கொஞ்சம் இருந்தது, பொய் சொல்வானேன். கோபம் அதைவிட அதிகமாக இருந்தது.

அன்று சாயங்காலம் அந்தப் பெண்ணின் அம்மாவுக்கு போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அவர் அழுதுவிட்டார். பிறகு, "நான் போய்க் கேட்டா நல்லா இருக்குமா மிஸ்? அவளை ஏதாவது மனசுல வெச்சுப்பாங்களா?" என்றார். நான் கூடவே இருக்கிறேன், கேளுங்கள் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். படித்தவர், நாலு பேரை வைத்து வேலை வாங்குபவர், கட்டணம் கட்டிப் பிள்ளையை அனுப்புபவர், கதவுக்கு ஒரு வழி செய்யுங்கள் என்று கேட்க அவருக்கு யோசனை தேவைப்பட்டது. அவரை மட்டும் சொல்வானேன். நம்மில் யாருக்குமே கேட்டுப் பழக்கமில்லை. பள்ளிக்கூடத்தில் பழக்கப்படுத்தினால்தானே வரும்?

மறுநாள் வகுப்பில் மறைக்காமல் சொன்னேன். "நம்ம விடையை ஓபன் டேல சொல்லப்போறதில்ல. பி செக்ஷன் வேற விடை சொல்வாங்க."

"நம்மது தப்பா மிஸ்?"

"தப்பில்ல. ரொம்ப சரி. அதான் அவங்களுக்கு இடைஞ்சலா இருக்கு."

அவர்களுக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. எனக்கே அதைச் சொல்லும்போது வெட்கமாக இருந்தது. பிள்ளைகளை யோசிக்கச் சொல்லிவிட்டு, யோசித்து முடித்ததும் வாயை மூடச் சொல்வதற்கு, யோசிக்கவே சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஓபன் டே ஒரு சனிக்கிழமை வந்தது. மைதானத்தில் ஷாமியானா போட்டு, பெற்றோருக்கு நாற்காலிகளும் பிள்ளைகளுக்கு முன்னால் ஜமுக்காளமும் போட்டிருந்தார்கள். என் வகுப்பு ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. பி பிரிவு மேடை ஏறியது. யாரோ ஓர் அம்மா விடிய விடிய உட்கார்ந்து செய்த தெர்மாகோல் நீர்த்துளி, கண்ணும் சிரிப்புமாக நடுவே நின்றது. ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் மைக்கைப் பிடித்து, மூச்சு விடாமல் ஆங்கிலத்தில் ஒப்பித்தாள். மறந்துவிடுகிறோம், அருமை தெரியவில்லை, வாட்டர் பெல் எங்களைக் காப்பாற்றியது. ஒரு வார்த்தை பிசகவில்லை. கரஸ்பாண்டன்ட் சார் தலையாட்டிக்கொண்டே கேட்டார். எல்லாரும் கைதட்டினார்கள்.

கம்பெனி இளைஞர் இன்னொரு மைக்கை எடுத்து, "எனி கொஸ்டின்ஸ்?" என்றார். அது ஒரு சம்பிரதாயம். யாரும் கேட்க மாட்டார்கள், அடுத்த நிகழ்ச்சிக்குப் போய்விடுவார்கள். ஜமுக்காளத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது. முன்பல்காரியின் கை.

சத்தியமாக எனக்கு எதுவும் தெரியாது. இளைஞருக்கு வாயெல்லாம் பல். இறங்கி வந்து அவளிடம் மைக்கை நீட்டினார்.

"தண்ணி குடிச்சப்புறம் எங்க போறது சார்?" என்று கேட்டாள்.

"இன் இங்கிலீஷ், ப்ளீஸ்" என்றது பிரின்சிபால் மேடத்தின் குரல்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். வாயை மூடியிருந்த கையை எடுத்துவிட்டு, "ஆஃப்டர் டிரிங்கிங் வாட்டர், வேர் டு கோ சார்?" என்றாள்.

நாற்காலிகளில் சிரிப்பு எழுந்தது. செல்லமாகத்தான் சிரித்தார்கள். இளைஞர், "குட் கொஸ்டின்!" என்று சொல்லி மேடையைப் பார்த்துக் கை காட்டினார். அந்த ரெட்டைப் பின்னல் பெண் திகைத்து நின்றாள். அவளுக்குக் கொடுத்த வசனத்தில் இது இல்லை. தன் மிஸ்ஸைத் தேடினாள், மிஸ் ஓரமாக நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் அவள் தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள். தமிழில் சொன்னாள்.

"எங்கயும் போக மாட்டோம் சார். அடக்கிக்குவோம்."

ஸ்பீக்கரில் அது மைதானம் முழுக்கக் கேட்டது. சிரிப்பு பட்டென்று நின்றது. முன்வரிசையில் ஓர் அம்மா உட்கார்ந்தபடியே, "ஏன்மா அடக்கறீங்க?" என்று கேட்டார்.

"கதவைப் பிடிக்க ஆள் இல்ல ஆன்ட்டி."

அந்த அம்மா எழுந்தார். பட்டுப் புடவை, தலையில் பூ. நேராக டாய்லெட் பக்கம் நடந்தார். பின்னால் இன்னொருவர் எழுந்தார். பிறகு என் முன்பல்காரியின் அம்மா எழுந்தார். நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்டது. அம்மாக்கள் கூட்டமாகப் போனார்கள். பிரின்சிபால் மேடம் பின்னாலேயே ஓடி, "மேம், ஸ்நாக்ஸ் ரெடியா இருக்கு, ப்ளீஸ், அப்புறமாப் பாக்கலாம்" என்று கெஞ்சினார். ஓர் அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கதவு மெதுவாகத் திறந்துகொண்டது. மறுபடி சாத்தினார், மறுபடியும் திறந்தது. அவர் வெளியே வந்தபோது அவர் முகத்தைப் பார்க்கப் பிரின்சிபால் மேடத்தால் முடியவில்லை.

திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டார்கள். கரஸ்பாண்டன்ட் சாரும் இருந்தார். மேசை மேல் டைப் செய்த கடிதம் ஒன்று தயாராக இருந்தது. குறிப்பிட்ட மாணவிக்கு அந்தக் கேள்வியைச் சொல்லிக்கொடுத்துக் கேட்க வைத்தது நான்தான், அதற்கு வருந்துகிறேன் என்று எழுதியிருந்தது. கீழே என் கையெழுத்துக்கு இடம்.

"போட்டுடுங்க மிஸ். குரூப்ல பேரன்ட்ஸ்கிட்ட ஒரு விளக்கம் சொல்லிட்டு முடிச்சுக்கறோம். உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது, அந்தப் பொண்ணையும் யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க" என்றார் மேடம்.

ஒரு நிமிஷம் எனக்கு ஆசையாகவே இருந்தது. பழியை நான் ஏற்றுக்கொண்டால் அந்தக் குழந்தை தப்பிப்பாள் என்று தோன்றியது. தியாகி ஆகிவிடலாம், வேலையும் தங்கும். பேனாவை எடுக்கக்கூட எடுத்தேன். பிறகு கடிதத்தை மறுபடி படித்தேன். அதில் நான் செய்ததாகச் சொல்லியிருந்த காரியத்தை நான் செய்யவில்லை. அந்தப் பெண் தானே நினைத்து, தானே கை தூக்கி, ஆங்கிலத்தில் கேள் என்றதும் தானே மாற்றிக் கேட்டது அது. அவள் வாழ்க்கையில் முதன்முதலாக நாலு பேர் முன்னால் கேட்ட கேள்வி. அதைப் பிடுங்கி என் பெயரில் எழுதிவிட்டால், பி பிரிவுப் பெண்ணைப் போல அவளும் ஒப்பித்தவள் ஆகிவிடுவாள். பேனாவைக் கீழே வைத்தேன்.

"இதை நான் சொல்லிக்குடுக்கல மேடம். அவளே கேட்டது."

"ஒன்பது வயசுப் பிள்ளைக்கு இதெல்லாம் தானாத் தோணுமா?"

இந்தக் கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பெல்லாம் எரியும். குழந்தைகள் சுயமாகச் சிந்திப்பார்கள் என்று அட்டையில் அச்சடித்த பெட்டிகளை லாரியில் வாங்கி இறக்கியவர்கள் இவர்கள்தான். பெற்றோர் குழுவில் தினம் அதைப் பற்றிப் பெருமை அடித்துக்கொண்டவர்களும் இவர்கள்தான். ஒரு குழந்தை நிஜமாகவே சிந்தித்துவிட்டது என்றதும், யார் தூண்டிவிட்டது என்று விசாரணை வைத்தார்கள். மற்ற எதையும் அவர்கள் நம்பத் தயாராக இருந்தார்கள், அதை மட்டும் நம்ப முடியவில்லை.

"தோணும் மேடம்" என்றேன். "முட்டிக்கிட்டு நிக்கறப்போ தானாத் தோணும்."

கரஸ்பாண்டன்ட் சார் தொண்டையைச் செருமினார். நான் எழுந்துகொண்டேன். என் மேல் நடவடிக்கை எடுப்பதானால் எடுங்கள், காரணத்தை மட்டும் எழுத்தில் கொடுங்கள் என்று சொன்னேன். அந்தக் காரணத்தை எழுத்தில் எப்படி எழுதுவார்கள்? இன்றுவரை எழுதவில்லை. அதற்குப் பதிலாக அடுத்த வருஷம் என் வகுப்பைப் பிடுங்கிக்கொண்டு, யார் லீவு போட்டாலும் அங்கே போய் உட்காரும் வேலையைக் கொடுத்தார்கள். நான் போய்விடுவேன் என்று நினைத்திருப்பார்கள். நான் ஏன் போக வேண்டும்? நான் இங்கேதான் இருக்கிறேன்.

ஓபன் டே முடிந்த அந்த வாரமே எல்லா வகுப்புக்கும் இரண்டு பாஸ் வந்துவிட்டது. லேமினேட் செய்து, பள்ளி முத்திரை போட்டு, நிர்வாகத்தின் புதிய முயற்சி என்று குழுவில் படமும் வந்தது. நான் அதற்குக் கட்டைவிரல் போடவில்லை. அந்தப் பெண்ணுக்கு நோய் திரும்பவில்லை என்று அவள் அம்மா சொன்னார். எனக்கு வேண்டியது அதுதான்.

இந்த வருஷ ஓபன் டே நிகழ்ச்சி நிரலில் கேள்வி நேரத்தை எடுத்துவிட்டார்கள். மேடையில் பேசி முடித்ததும் நேராக நன்றியுரை. போன வாரம் ஐந்தாம் வகுப்பு மிஸ் லீவு என்று நான் அங்கே போய் உட்கார்ந்திருந்தபோது, புதிய முன்பற்கள் தெரிய ஒருத்தி கை தூக்கினாள்.

"மிஸ், கேள்வி கேக்கற டைமை ஏன் எடுத்துட்டாங்க?"

எனக்குத் தெரியும். "போய் விசாரிச்சுட்டு வா" என்றேன். பக்கத்தில் இருந்தவளையும் கூட்டிக்கொண்டு, அவள் பிரின்சிபால் அறையை நோக்கி நடந்தாள்.